பேச்சுக்கு முந்தைய பேச்சு: சீனாவின் எதிரே ஆசியான்



தென்சீனக் கடல் என்றதும் எந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று விளக்கப்போகிறேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அதற்கு வரைபடம் வேண்டும், கடல் சட்டம் படித்தவர் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது வேறு. சில சிறிய நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஒரு பெரிய நாட்டோடு பேசப் போகின்றன. மேசைக்குப் போகும் முன் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சைப் பெரிய நாடு எப்படிப் பார்க்கிறது என்பதுதான் இன்றைய பொருள். மறுநாள் செய்தித்தாளில் வருவது அமைச்சர்கள் வரிசையாக நின்று கை கோத்த படம். காரியம் நடந்ததும் கெட்டதும் பெரும்பாலும் அந்தப் படத்துக்குச் சில வாரங்கள் முன்பு.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பிறந்ததே அப்படி ஒரு முன்பேச்சில்தான். 1967 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐந்து நாட்டு அமைச்சர்கள் பாங்காக்குக்குத் தென்கிழக்கே பாங் சென் என்ற கடற்கரை ஊரில் நான்கு நாள் தங்கினார்கள். இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸின் நர்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் ராஜரத்தினம், விருந்தளித்த தாய்லாந்தின் தனாத் கோமான். இவர்களுக்குள் நல்லுறவு இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். மலேசியாவோடு இந்தோனேசியா நடத்திய மோதல் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு ஆண்டு. சபா மாநிலம் தனக்குச் சொந்தம் என்று பிலிப்பைன்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது. கோட்டும் டையும் இல்லாமல் பேசியதைப் பின்னாளில் அவர்களே ‘விளையாட்டுச் சட்டை ராஜதந்திரம்’ என்று சொல்லி மகிழ்ந்தார்கள். 8 ஆகஸ்ட் அன்று பாங்காக்கில் கையெழுத்தானது சில பக்கங்களே உள்ள ஒரு பிரகடனம். சண்டையை அறைக்குள் போட்டு முடித்துவிட்டு வெளியே ஒரே குரலில் பேசுவது என்ற பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். அவருக்குப் பின் சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர்களாக இருந்தவர்களில் தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன் என்று நம் காதுக்குப் பழக்கமான பெயர்கள் வரிசையாக வரும். இந்த உரையிலும் வரும். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அவர்கள் பேசியது சிங்கப்பூருக்காக: தென்சீனக் கடலில் ஒரு பாறைக்குக்கூட உரிமை கோராத, ஆனால் அந்த வழியே போய்வரும் கப்பல்களை நம்பிப் பிழைக்கிற நாட்டுக்காக.

தயாரிப்பு நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசியானில் வாக்கெடுப்பு கிடையாது. கலந்து பேசி ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும் என்று 2008இல் நடைமுறைக்கு வந்த அதன் சாசனத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. தலைமை ஆண்டுக்கொரு முறை ஆங்கில அகரவரிசைப்படி மாறும். வெளிநாடு ஒவ்வொன்றோடும் பேச்சை நடத்த ஒரு உறுப்பு நாடு ஒருங்கிணைப்பாளராக இருக்கும். அதுவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். சீனாவுக்கான பொறுப்பு வியட்நாம், தாய்லாந்து, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், மியன்மார் என்று கைமாறி 2024இல் மலேசியாவிடம் வந்தது. முதலில் பணிக்குழு, அதற்கு மேல் உயர் அதிகாரிகள், பிறகு அமைச்சர்கள், கடைசியில் தலைவர்கள். கீழ்மட்டத்தில் ஒத்துப்போகாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து மேலே அனுப்புவார்கள். எத்தனை அடைப்புக்குறி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே தயாரிப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஒருமித்த கருத்து என்று சொல்லிவிடலாம், அதற்கு வருவதுதான் கடினம். வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருணை ஆகிய நான்கும் இந்தக் கடலில் உரிமை கோருபவை. இந்தோனேசியா தனக்கு வழக்கே இல்லை என்று சொல்லும். ஆனால் நத்துனா தீவுகளுக்கு வடக்கேயுள்ள அதன் பொருளாதார மண்டலத்தில் சீனா தன் உரிமையைக் காட்ட வரைந்த ஒன்பது கோட்டு எல்லை வந்து விழுகிறது. லாவோஸுக்குக் கடற்கரையே கிடையாது. கம்போடியாவுக்குக் கடல் உண்டு, இந்த வழக்கில் பங்கு இல்லை. இவை அத்தனையும் ஒரே பத்தியின் கீழே கையெழுத்திட வேண்டும்.

1995ஐப் பாருங்கள். மிஸ்சீஃப் என்ற பாறைத்திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியிருப்பதை அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் வெளியே சொன்னது. மீனவர்கள் ஒதுங்கும் கூரைகள் என்றது சீனா. மார்ச்சில் ஆசியான் அமைச்சர்கள் கூட்டாகக் கவலை தெரிவித்தார்கள். ஏப்ரலில் சீனாவின் ஹாங்சோ நகரில் இரு தரப்பு உயர் அதிகாரிகளின் கூட்டம். அதன் முறையான நிகழ்ச்சி நிரலில் அந்தப் பாறை இடம்பெறவில்லை. கூட்டத்தையொட்டிய முறைசாராச் சந்திப்பில் ஆசியான் அதிகாரிகள் அதை எடுத்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து எடுத்தார்கள். பிலிப்பைன்ஸ் மட்டும் முறையிடும், மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது எதிர்பாராதது. அப்போது ஆசியானில் ஆறே நாடுகள். வியட்நாம்கூட உள்ளே வரவில்லை. ஆறு பேர் பேசி வைத்துக்கொள்வது எளிது. பாறை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் தனித்தனியாகத்தான் பேசுவேன் என்றிருந்த சீனா, இதைக் கூட்டமைப்போடும் பேச வேண்டிய நிலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த சில ஆண்டுகளில் நடத்தை விதித்தொகுப்பு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை உருவானது. 2000 மார்ச்சில் தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் ஆசியான் ஒரு வரைவை நீட்டியது, சீனா ஒரு வரைவை நீட்டியது. இரண்டு தாள், இரண்டு தரப்பு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். பாராசெல் தீவுகளும் இதற்குள் வர வேண்டும் என்றது வியட்நாம். 1974 முதல் அவற்றை முழுதாகத் தன் கையில் வைத்திருக்கும் சீனா முடியாது என்றது. கடைசியில் எந்தப் பகுதி என்று குறிப்பிடாமலே, கட்டுப்படுத்தும் சட்டமாகவும் இல்லாமல், 4 நவம்பர் 2002 அன்று நாம்பென்னில் ஒரு பிரகடனம் கையெழுத்தானது. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் ஜெயக்குமார். சீனாவுக்காகக் கையெழுத்திட்டவர் அன்றைய துணை வெளியுறவு அமைச்சர், சிறப்புத் தூதராக வந்திருந்த வாங் யீ.

ஆளில்லாத திட்டுகளில் ஆளைக் குடியேற்றக் கூடாது என்று அந்தப் பிரகடனம் சொல்கிறது. ஏற்கெனவே ஆள் இருக்கும் திட்டில் மண்ணைக் கொட்டி ஓடுபாதை போடுவதைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. புதிய கட்டுமானத்தைத் தடுக்க வேண்டும் என்று வியட்நாம் கேட்டது, கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். பிரகடனத்தை நடைமுறைப்படுத்த வழிகாட்டு நெறிகள் வேண்டும் அல்லவா? 2005 ஆகஸ்ட்டில் மணிலாவில் கூடிய கூட்டுப் பணிக்குழுவின் முன் ஆசியான் தன் வரைவை வைத்தது. அதில் இரண்டாவது அம்சம் இதுதான்: சீனாவைச் சந்திக்கும் முன் ஆசியான் நாடுகள் தங்களுக்குள் கலந்து பேசும் வழக்கத்தைத் தொடரும். கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். தீவு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை. சீனா இந்த ஒன்றில்தான் அசையவில்லை. வழக்கு தனக்கும் உரிமை கோரும் நாடுகளுக்கும் இடையே. ஆசியான் என்ற கூட்டமைப்புக்கு இதில் என்ன வேலை என்பது அதன் நிலை.

சொத்துப் பேச்சுக்குப் போகும் அண்ணன் தம்பிகள் முதல்நாள் இரவே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்துவிட்டுத்தான் போவார்கள். எதிர்த்தரப்புக்காரரோ ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோடப் பார்ப்பார். அண்ணன் தம்பிகள் பேசக் கூடாது என்று எந்த எதிர்த்தரப்பும் சட்டம் போட முடியாது. ஆனால் பேசுவார்கள் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள மறுக்கலாம். சீனா செய்தது அதைத்தான். இருபது வரைவுக்கு மேல் கைமாறின. ஆறு ஆண்டு ஓடிற்று. 2011 ஜூலையில் பாலியில் வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டபோது அந்த வாக்கியம் அதில் இல்லை. எங்கள் சாசனம் இருக்கிறது, அதன்படி எங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருப்போம் என்று ஆசியான் சொல்லிக்கொண்டது.

இது விட்டுக்கொடுப்பா, சாமர்த்தியமா என்று ஆய்வாளர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். வழக்கம் தொடர்ந்தது, எழுத்து மட்டும்தானே போயிற்று என்பது ஒரு வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வாக்கியம் இருந்திருந்தால், முன்கூட்டிப் பேசுவது சீனாவும் ஏற்ற நடைமுறையாக இருந்திருக்கும். இல்லாததால், ஒவ்வொரு முறையும் அது ஒரு சதியாலோசனை போலப் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் விளைவு தெரிந்தது.

2012இல் தலைமை கம்போடியாவிடம். விதித்தொகுப்பை எழுதும் வேலையில் ஆரம்பத்திலிருந்தே சீனாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஏப்ரல் உச்சிமாநாட்டில் கிளம்பியது. முதலில் நாம் ஒரு நிலைக்கு வருவோம், பிறகு அவர்களிடம் போவோம் என்று பிலிப்பைன்ஸும் வியட்நாமும் எதிர்த்தன. அதே மாதம் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் கப்பலும் சீனக் கப்பல்களும் முகத்துக்கு முகம் நின்றன. ஜூலை 9 தொடங்கி நாம்பென்னில் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம். விதித்தொகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் அமைச்சர்கள் ஒத்துப்போய்விட்டார்கள் என்பதை இங்கே யாரும் கவனிப்பதில்லை. தயாரிப்பு வெற்றி. இரண்டு மூன்று நாளில் கூட்டறிக்கையில் எல்லாம் கவிழ்ந்தது.

அந்தக் கூட்டறிக்கை வரைவில் 132 பத்திகள். பொருளாதாரம், கல்வி, பேரிடர் என்று எல்லாவற்றையும் பற்றியது. தென்சீனக் கடல் வருவது 14 முதல் 17 வரை நான்கே பத்திகளில். ஸ்கார்பரோ திட்டின் பெயர் வர வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். தன் பொருளாதார மண்டலத்தில் சீனா எண்ணெய்த் துரப்பண ஏலம் விட்டதும் வர வேண்டும் என்றது வியட்நாம். இரு நாட்டுத் தகராறுக்கு இங்கே இடமில்லை, இது தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல என்றார் கம்போடிய அமைச்சர் ஹோர் நாம்ஹோங். வாசகத்தை எத்தனையோ விதமாக மாற்றி எழுதிக் கொடுத்தும் அவர் இறங்கிவரவில்லை. நான்கு பத்திக்காக 132 பத்தியும் போயிற்று. ஆசியானின் 45 ஆண்டு வரலாற்றில் கூட்டறிக்கை இல்லாமல் அமைச்சர்கள் கலைந்தது அதுதான் முதல் முறை. கூட்டமைப்பின் நம்பகத்தன்மைக்கு இது பலத்த அடி என்று வெளிப்படையாகச் சொன்னவர் சிங்கப்பூரின் சண்முகம்.

இந்தோனேசியாவின் மார்ட்டி நத்தலேகவா சும்மா இருக்கவில்லை. மணிலா, ஹனோய், நாம்பென் என்று தலைநகர் தலைநகராகப் பறந்தார். 20 ஜூலை அன்று ஆறு அம்சங்கள் கொண்ட ஒரு சிறிய அறிக்கை வந்தது. ஸ்கார்பரோவின் பெயர் அதில் இல்லை; பிரகடனத்தை மதிப்போம், பொறுமை காப்போம் என்ற பழைய விஷயங்கள்தாம். ஆனால் பத்து நாடும் அதன் பின்னால் நின்றன. கூட்டத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் கூட்டத்துக்குப் பின் செய்தார். அந்த ஆண்டில் ஆசியானின் மானத்தைக் காப்பாற்றிய ஆள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன். செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு முழு வரைவையும் சக அமைச்சர்களிடம் கொடுத்தார். அது எங்கும் போய்ச் சேரவில்லை.

சீனாவும் தன் பங்குக்கு ஒரு தயாரிப்பு செய்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது, எல்லாப் பெரிய நாடும் செய்வதுதான். 2016 ஏப்ரலில், சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் ஹேக் நகர நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வரவிருந்த நேரத்தில், வாங் யீ புருணை, கம்போடியா, லாவோஸ் மூன்றுக்கும் போனார். இந்தத் தகராறு சீனாவுக்கும் ஆசியானுக்கும் இடைப்பட்டதல்ல என்பது உள்ளிட்ட நான்கு அம்சங்களில் மூன்று நாட்டோடும் உடன்பாடு வந்துவிட்டதாக அறிவித்தார். லாவோஸ் அந்த ஆண்டின் தலைமை நாடு. ஒருமித்த கருத்து வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில் பத்தில் ஒன்று போதும். அவர் மூன்றைப் பிடித்தார்.

ஜூன் 14 அன்று யுனான் மாகாணத்து யூசி நகரில் ஆசியான், சீன வெளியுறவு அமைச்சர்களின் சிறப்புக் கூட்டம். ஆசியான் அமைச்சர்கள் கடுமையான கவலை தெரிவிக்கும் ஓர் அறிக்கையை மலேசிய அமைச்சகம் செய்தியாளர்களிடம் கொடுத்தது. சில மணி நேரத்தில், அவசரத் திருத்தம் இருக்கிறது என்று அதே அமைச்சகம் திரும்பப் பெற்றது. திருத்திய அறிக்கை வரவே இல்லை. ஒருங்கிணைப்பாளர் நாட்டின் சார்பில் வாங் யீயோடு செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டிய விவியன் பாலகிருஷ்ணன் அந்தச் சந்திப்பு இல்லாமலே ஊர் திரும்பினார். நான் மாணவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் எப்போதும் சொல்வேன்: அச்சாகி, கையில் கொடுத்து, செய்தி நிறுவனங்கள் உலகம் முழுக்க அனுப்பிய பிறகு ஒரு அறிக்கை இல்லாமல் போனது. நாடுகளிடம் கருத்து இல்லாமல் இல்லை. தனித்தனியாகச் சில நாடுகள் பிறகு அறிக்கை விட்டன. ஒன்றாகச் சொல்லும் முடிவு எல்லாத் தலைநகரிலும் உறுதியாகவில்லை. ஜூலை 12 அன்று தீர்ப்பு பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்தது. அந்த மாதமே வியன்டியானில் வெளியான ஆசியான் கூட்டறிக்கையில் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாங் யீயின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2002இல் கையெழுத்திட்டவர் அவர். 2016இல் மூன்று தலைநகரும் யூசியும் அவர். விதித்தொகுப்பை மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை 2023 ஜூலையில் ஜகார்த்தாவில் ஏற்றபோதும் சீனத் தரப்பில் அவரே. எதிரே தலைமை ஆண்டுதோறும் மாறுகிறது, ஒருங்கிணைப்பாளர் மூன்றாண்டுக்கொரு முறை மாறுகிறார், அமைச்சர்கள் அவரவர் ஊர்த் தேர்தலுக்கேற்ப மாறுகிறார்கள். எந்தச் சொல்லை எந்த ஆண்டு எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்ற ஞாபகம் ஒரு பக்கம் ஒரே தலையில் இருக்கிறது. மறுபக்கம் பத்து அமைச்சகங்களின் கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஜகார்த்தாவிலுள்ள செயலகம் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். எல்லா உறுப்பு நாடும் சமமாகப் பணம் போட வேண்டும் என்பது அதன் விதி. லாவோஸால் முடிகிற தொகைதான் சிங்கப்பூரும் தரும் தொகை. அந்தப் பணத்தில் எவ்வளவு பெரிய செயலகம் நடத்த முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஹுவா ஹின்னில் இரண்டு தாள் என்று சொன்னேனே, இப்போது அதற்கு வருகிறேன். 2018 ஆகஸ்ட்டில் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது ஒற்றை வரைவு: 19 பக்கம், ஆசியான் நாடுகளும் சீனாவும் தங்கள் யோசனைகளை ஒரே ஆவணத்தில் எழுதிச் சேர்த்தது. ஒத்துழைப்பின் வெற்றி என்று அதைப் பாராட்டினார்கள். செயற்கைத் தீவு கட்டவும் ஆயுதம் வைக்கவும் தடை வேண்டும் என்பது வியட்நாமின் யோசனை. வெளிநாட்டுப் படைகளோடு கூட்டுப் பயிற்சி நடத்தச் சம்பந்தப்பட்ட எல்லாரும் ஆட்சேபிக்காமல் இருக்க வேண்டும், வளங்களை எடுப்பதில் வட்டாரத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்கள் வேண்டாம் என்பவை சீனாவின் யோசனைகள். இப்படி ஒரே காகிதத்தில் இரு தரப்பும் எழுதியதும் என்ன ஆனது? ஆசியானின் பொது நிலை என்று ஒரு தாள் இல்லாமல் போனது. எந்த நாடு எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை, எது சும்மா இருக்கிறது என்பதெல்லாம் எதிர்த்தரப்பின் கண்ணெதிரே. 2005இல் எந்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமைக்காக ஆசியான் மல்லுக்கட்டியதோ, அந்த அறையே பேச்சு மேசைக்குள் கரைந்துவிட்டது. இது சீனாவின் சூழ்ச்சி மட்டும் என்று சொல்ல மாட்டேன். தங்களுக்குள் ஒரு வரைவு எழுத முடியாத களைப்பும் அதில் இருக்கிறது. 2020 முதல் சீனாவும் ஆசியானும் ஒன்றுக்கொன்று மிகப் பெரிய வணிகக் கூட்டாளிகள் என்ற கணக்கும் இருக்கிறது.

அந்த ஒற்றை வரைவின் முதல் வாசிப்பு 2019இலும் இரண்டாவது 2023இலும் முடிந்து, மூன்றாவது தொடங்கிற்று. கடைசி வரை நின்ற கேள்விகள் பழையவையே: எந்தக் கடற்பகுதி, சட்டப்படி கட்டுப்படுத்துமா, பொறுமை காப்பது என்றால் எதைச் செய்யாமல் இருப்பது, 2002 பிரகடனத்துக்கும் இதற்கும் என்ன உறவு. பாராசெல் பேச்சு 2000இல் எங்கே நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயே.

முடிக்கக் குறித்த ஆண்டு 2026. அந்த ஆண்டின் தலைமை மியன்மாருக்கு வந்திருக்க வேண்டியது. அப்போது அங்கிருந்த ராணுவ ஆட்சியின் காரணமாகப் பிலிப்பைன்ஸிடம் வந்தது. 2012இல் வழக்கில் பங்கில்லாத நாடு தலைமையில் இருந்து கூட்டறிக்கையைத் தடுத்தது. இம்முறை வழக்காடும் நாடே தலைமையில். தன் வழக்கை அழுத்தினால் தலைவர் பாரபட்சம் காட்டுகிறார் என்பார்கள். அடக்கிவாசித்தால் மணிலாவில் பத்திரிகைகள் சும்மா விடா. தலைமை நாட்டால் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன்: சீனா இல்லாமல் உறுப்பு நாடுகள் மட்டும் கூடும் கூட்டங்களை அடிக்கடி கூட்டுவது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் இருப்பது.

அந்தக் கூட்டத்தில் இனி 11 நாற்காலி. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் தீமோர் லெஸ்தே சேர்ந்துவிட்டது. அதனுடைய வாக்கும், அதாவது அதனுடைய மறுப்பும், மற்ற எவருடையதற்கும் சமம். டிலியில் அதன் வெளியுறவு அமைச்சகம் இருக்கும் கட்டடம் சீனா கட்டிக் கொடுத்தது. குடியரசுத் தலைவர் மாளிகையும் அப்படியே. இதை வைத்து அது எந்தப் பக்கம் சாயும் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கட்டாய சமரச நடைமுறையை உலகிலேயே முதன்முதலாகப் பயன்படுத்திய நாடும் அதுதான். எதிரே இருந்தது ஆஸ்திரேலியா. 2016இல் அதை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, 2018 மார்ச்சில் கடல் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய நாட்டோடு எப்படித் தயாராகிப் பேசுவது என்று தெரிந்த அதிகாரிகள் டிலியில் இருக்கிறார்கள். மணிலாவில் யாராவது அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் நல்லது.